சர்வர் நின்றால் வியாபாரம் நிற்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவருக்குச் சம்பள நாள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பெண்கள் வேனிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் இறங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் போன மாதத்துப் பற்று தீருகிறது. இந்த மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய்க்குச் சீட்டு எழுதப்படுகிறது. அந்த நேரம் பார்த்து பில் போடும் கம்ப்யூட்டரில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

"காசு போயிடுச்சுன்னு போன்ல காட்டுது பாய்."

"எங்களுக்கு இன்னும் சத்தம் வரலையேம்மா. கொஞ்சம் நில்லும்மா."

அந்த அம்மா நிற்கிறார். அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் நிற்பவர் எதிர்க்கடைக்குப் போகிறார். போனவர் அடுத்த மாதமும் அங்கேயே போகக்கூடும். நமக்குச் சொல்லப்படும் காரணம் இரண்டே சொல்: சர்வர் டவுன்.

2025-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி மாலையிலும், ஏப்ரல் 12-ஆம் தேதி சனிக்கிழமையிலும் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். ஏப்ரலில் நடந்ததற்குக் காரணம் சொன்ன தேசியப் பணப்பட்டுவாடா கழகம், 'அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததா' என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதில் பாதை அடைத்துக்கொண்டது என்றது. கடையில் ஒரே வாடிக்கையாளர் நூறு தடவை 'என் சரக்கு கட்டியாச்சா' என்று கேட்டால் கட்டுகிறவன் கை நின்றுவிடும் அல்லவா, அதுபோல. அதன் பிறகு 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் இருப்புப் பார்ப்பதை நாளுக்கு 50 முறை என்றும், நிலுவையில் நிற்கும் பணத்தின் நிலையைக் கேட்பதை 90 விநாடி இடைவெளி விட்டு 3 முறை என்றும் வரையறுத்தார்கள். அதே ஆகஸ்ட் மாதத்தில் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பெரிய கல்லா நின்றால் அதைச் சரி செய்வது நம் கையில் இல்லை. ஆனால் பெரியவர்கள் தங்கள் கல்லா நிற்காமலிருக்க என்ன ஏற்பாடு செய்கிறார்கள், அந்த ஏற்பாடு எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொண்டால், நம் கடையில் இருக்கும் சின்னக் கல்லாவையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே இக்கட்டுரை.

ஒரு சர்வர் நின்றதும் தயாராக நிற்கும் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்வதைக் கம்ப்யூட்டர்காரர்கள் ஃபெயில் ஓவர் என்கிறார்கள். மின்சாரம் போனதும் ஜெனரேட்டருக்கு மாறுவது போன்றது என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் சரி. இந்த ஜெனரேட்டரின் மின்சாரமும் மின்வாரியத்தின் மின்சாரமும் ஒன்றுதான். பல்புக்கு வித்தியாசம் தெரியாது. கணக்கு அப்படியல்ல. முதல் கம்ப்யூட்டரில் மாலை 6.10 வரை போட்ட பில் இரண்டாவதில் 6.05 வரைதான் இருக்கிறது என்றால், அந்த ஐந்து நிமிடத்து வியாபாரம் எங்கே? சிக்கல் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

சாப்ட்வேர் விற்க வருபவர், 'எங்கள் சர்வர் 99 சதவீதம் நிற்காது சார்' என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வருடத்தில் ஒரு சதவீதம் என்பது மூன்றரை நாளுக்கு மேல். 99.9 என்றால் சுமார் எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் ஒரு மணிக்கும் குறைவு. அந்த எட்டே முக்கால் மணி நேரம் நள்ளிரவில் வருமா, சம்பள நாள் மாலையில் வருமா என்பதை எந்தச் சதவீதமும் சொல்வதில்லை.

சிட்டாவும் பேரேடும்

பழைய மண்டிக் கணக்கு முறை தெரிந்தவர்களுக்கு டேட்டாபேஸ் புதிய விஷயமே அல்ல என்பது என் எண்ணம். மண்டியில் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? நடக்க நடக்க ஒவ்வொரு வரவையும் பற்றையும் வரிசையாகச் சிட்டாவில் எழுதிக்கொண்டே போவார். நேரம் கிடைக்கும்போது அதைப் பார்த்து அவரவர் பெயரில் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் தண்ணீர் பட்டு எழுத்து கலைந்தாலும் சிட்டா இருந்தால் உட்கார்ந்து மறுபடி ஏற்றிவிடலாம். சிட்டா போனால் போனதுதான்.

டேட்டாபேஸும் ஏறக்குறைய இதையே செய்கிறது. நீங்கள் ஒரு பில்லை அழுத்தியதும் அது முதலில் வரிசைப் பதிவில் எழுதப்படுகிறது. அதுதான் சிட்டா. பிறகே சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி என்று அந்தந்தப் பக்கத்தில் ஏறுகிறது. அதுதான் பேரேடு. நடுவில் மின்சாரம் போய் கம்ப்யூட்டர் அணைந்தால், திரும்ப எழுந்ததும் சிட்டாவைப் படித்து விட்ட இடத்திலிருந்து பேரேட்டைச் சரி செய்துகொள்கிறது. இரண்டாவது சர்வர் வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இந்தச் சிட்டாவின் நகலைத்தான் இடைவிடாமல் அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அனுப்புவதில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று கார்பன் பேப்பர் வழக்கம்: இங்கே எழுதும்போதே அங்கேயும் விழுந்தாக வேண்டும்; விழுந்தது என்று பதில் வந்த பிறகே வாடிக்கையாளருக்கு பில் கிடைக்கும். ஒரு பில்கூடத் தொலையாது. ஆனால் இரண்டாவது சர்வர் தூரத்தில் இருந்தாலோ, நடுவே லைன் மெதுவானாலோ ஒவ்வொரு பில்லும் மெதுவாகும். மற்றொன்று, எழுதிக்கொண்டே போய்ச் சற்று நேரம் கழித்து நகலை அனுப்பும் வழக்கம். வேகம் குறையாது; ஆனால் முதல் சர்வர் திடீரென்று படுத்தால் கடைசியில் எழுதிய சில பில்கள் அதோடு போகும். எத்தனை நிமிடத்துக் கணக்கை இழக்கத் தயார், எத்தனை நிமிடம் கடை மூடியிருக்கத் தயார் என்ற இரண்டு கேள்விக்கும் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்காரர் சொல்லக்கூடாது. பங்குச் சந்தைகளுக்கு செபி இந்த இரண்டையும் எண்ணாகவே விதித்திருக்கிறது: இழக்கக்கூடிய கணக்கு அதிகபட்சம் 15 நிமிடம், மாற்றுத் தளத்தில் வேலை தொடங்க 45 நிமிடம். இந்த விதி எந்த நாளின் விளைவாக வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

2021 பிப்ரவரி 24. மும்பை தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வியாபாரம் நிறுத்தப்பட்டது. சந்தைக்கு இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் லைன்கள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு வாங்கியிருந்தார்கள். அன்று இரண்டிலும் கோளாறு. லைன்கள் தடுமாறியதில் கணக்கு சேமித்து வைக்கும் கருவியும் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ள, வியாபார அபாயத்தைக் கணக்கிடும் பகுதி நின்றது. மாற்றுத் தளம் என்று ஒன்று இல்லாமலில்லை, இருந்தது. ஆனால் அன்று வியாபாரம் அங்கே மாற்றப்படவில்லை. மாலை 3.45-க்குத்தான் மீண்டும் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். நடுவே வாங்கியவரும் விற்றவரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே மும்பைப் பங்குச் சந்தை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதமே செபி சுற்றறிக்கை வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப்பட்டது மேலே சொன்ன 45 நிமிடம் அல்ல. கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் 'இது பேரிடர்' என்று பொறுப்பானவர் அறிவித்தாக வேண்டும் என்ற வரிதான். இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், இன்னும் பத்து நிமிடம் என்று பார்த்துக்கொண்டே பாதி நாள் போவது நம் கடையிலும் நடப்பதுதானே! ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறோமே தவிர, 'சரி, பில் புத்தகத்தை எடு' என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

பின்னர் 2024 மார்ச் 2-ஆம் தேதி, விடுமுறை நாளான சனிக்கிழமையன்று, இரண்டு பங்குச் சந்தைகளும் கடை திறந்தன. காலை 9.15 முதல் 10 வரை முதல் தளத்தில் வியாபாரம், 11.30 முதல் 12.30 வரை மாற்றுத் தளத்தில் வியாபாரம். பொய் வியாபாரம் அல்ல, உண்மைப் பணத்தில். மாறிக் காட்டிய பிறகுதானே மாற்றுத் தளம் இருக்கிறது என்று நம்ப முடியும்.

ஈ-வே பில்லுக்கு இரண்டாம் வாசல்

நமக்கு இன்னும் நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி ஈ-வே பில் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கே தளம் தாங்காமல் படுத்தது. திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஜூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்குள் ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். வெளிமாநிலத்துக்கு ரூ.50,000.

தோல் மண்டலத்தில் இருக்கும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பதனிட்ட தோல் சென்னைக்குப் போகிறது, ஷூ மேல்பாகம் போகிறது, ரசாயனம் வருகிறது. நமக்கோ கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் வருகின்றன. லாரி கிளம்ப ஈ-வே பில் வேண்டும். சரக்கு ஏற்றிவிட்டுத் தளம் திறக்காமல் டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கு மறக்காது. பில் இல்லாமல் கிளப்பிவிட்டு வழியில் நிறுத்தினால், வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். அந்தச் சட்டப் பிரிவின் எண் 129.

இத்தனை காலம் இதற்கு ஒரே தளத்தை நம்பி இருந்தோம். 2025 ஜூலை 1 முதல் ஈ-வே பில் 2.0 என்ற இரண்டாவது தளத்தை ஜி.எஸ்.டி. நெட்வொர்க் அறிவித்தது. அதன் ஏற்பாடு இக்கட்டுரைப் பொருளுக்கு நல்ல உதாரணம். இரண்டு தளங்களும் சில விநாடிகளுக்குள் ஒன்றுக்கொன்று கணக்கைப் பரிமாறிக்கொள்கின்றன. முதல் தளத்தில் போட்ட பில்லுக்கு வண்டி எண் மாற்ற வேண்டுமா? முதல் தளம் படுத்திருந்தால் இரண்டாவதில் மாற்றலாம். காலக்கெடு நீட்டிப்பதும் அங்கே முடியும்.

இந்தக் காலக்கெடு விஷயத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வண்டி வழியில் பழுதாகி நின்றால், கெடு முடிவதற்கு முன் 8 மணி, முடிந்த பின் 8 மணி, அதற்குள்தான் நீட்டிக்க முடியும். அந்த நேரத்தில் ஒரே வாசல் அடைத்துக்கொண்டால் முன்பு வழியில்லை. இப்போது உண்டு. ஆனால் இதுவரை இரண்டாவது தளத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்த வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்? அவசரத்தில் முதன்முறை போய்த் தட்டுகிற வாசல் எளிதில் திறக்காது. ஓய்வாக இருக்கும் ஒரு மதியம் உட்கார்ந்து அதில் நுழைந்து, ஒரு பழைய பில்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். அது யார் போனுக்கு வருகிறது? பல கடைகளில் முதலாளி ஒருவர் போனுக்கு மட்டும். அவர் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். போன் சட்டைப் பையில் அடித்து அடித்து ஓய்கிறது. இங்கே லாரி நிற்கிறது. அரசாங்கம் இரண்டு தளம் வைத்துக் கொடுத்தும் நாம் ஒரே போனில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். கடை ஆட்களுக்குத் துணைப் பயனர் கணக்கு உண்டாக்கி, அவரவர் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்படி செய்துகொள்ளலாம். குறுஞ்செய்தி வராத இடத்துக்கு என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்ற செயலியும் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே எண்ணைக் காட்டும்.

ஒரே கடைக்கு இரண்டு முதலாளி

சர்வர் நிற்பதைவிட மோசமானது, நின்றதாக நினைத்துக்கொள்வது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று. கடையில் இருப்பதுதான் தலைமை. குடோனில் இருப்பது தயார் நிலை. நடுவே ஒரு வயர். எலி வயரைக் கடித்துவிட்டது. குடோன் கம்ப்யூட்டருக்குக் கடையிலிருந்து சத்தம் இல்லை. 'அண்ணன் போய்விட்டார், இனி நானே முதலாளி' என்று அது முடிவு செய்து பில் போட ஆரம்பிக்கிறது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் அவரும் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். இருப்பில் இருக்கும் 30 டின் எண்ணெயைக் கடையிலும் விற்றாயிற்று, குடோனிலும் விற்றாயிற்று. 1185-ஆம் நம்பர் பில் இரண்டு பேர் கையில் இருக்கிறது. சாயங்காலம் வயரை மாட்டியதும் எந்தக் கணக்கு உண்மை? இரண்டுமே உண்மை. அதுதான் தொல்லை.

உலகத்துப் புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21-ஆம் தேதி இதுவே நடந்தது. பழுதான ஒரு ஒளியிழைக் கருவியை மாற்றும்போது, கிழக்குக் கடற்கரையில் இருந்த தலைமை இடத்துக்கான தொடர்பு 43 விநாடி விட்டுப்போயிற்று. நாற்பத்து மூன்றே விநாடி! அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கடற்கரை டேட்டாபேஸைத் தலைமையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதிய சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவிய ஆரம்பித்தன. எதையும் தூக்கி எறிய மனமில்லாமல், ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சரிபார்த்துப் பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. தளத்தைச் சீக்கிரம் திறப்பதைவிடக் கணக்கு கெடாமல் இருப்பதே முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கணக்குத் தெரிந்த எந்த வியாபாரியும் அதையேதான் செய்திருப்பார்.

இதைத் தடுக்க இரண்டு உபாயம் கண்டிருக்கிறார்கள். முதலாவது மூன்றாவது ஆள். இரண்டு தம்பதிகளுக்குள் தகராறு என்றால் நடுவில் ஒரு பெரியவர் வேண்டுமல்லவா? இரண்டு சர்வரோடு மூன்றாவதாக ஒரு சிறு சாட்சி சர்வர் வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் தலைமை மாறும். தனித்து விடப்பட்டவர், தான் உயிரோடு இருந்தாலும், பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாவது உபாயம் சற்று முரட்டுத்தனமானது: புதியவர் பொறுப்பேற்குமுன் பழையவரின் மின்சாரத்தையே பிடுங்கிவிடுவது. அந்தத் துறையில் இதற்கு 'அடுத்தவன் தலையில் சுடு' என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் எப்படியோ, காரியம் சரி. கல்லாச் சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

நம் கடைக்கு மூன்றாவது சர்வர் தேவைப்படாது. கல்லாச் சாவிக்குப் பதில் பில் வரிசை இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 46, பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அப்படியானால் கடைக்கு 'க' வரிசை, குடோனுக்கு 'கு' வரிசை, மின்சாரமும் இன்டர்நெட்டும் இரண்டும் போனால் கையால் எழுதும் அச்சடித்த புத்தகத்துக்கு 'பு' வரிசை என்று வருட ஆரம்பத்திலேயே பிரித்துவிடலாம். (எழுத்தை உங்கள் சாப்ட்வேர் ஏற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.) எந்த வயர் எங்கே அறுந்தாலும் ஒரே எண் இரண்டு கையில் போகாது. மாதக் கணக்கு கொடுக்கும்போது ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் மூன்று வரிசையையும் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். அச்சுக் கூலியைத் தவிர இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பதிவு பெற்ற வியாபாரிக்கு நீங்கள் போடும் பில் ஈ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். கைப்புத்தகம் அதற்கு ஈடாகாது. அங்கேயும் ஒரே தளம் அல்ல, என்.ஐ.சி.யின் இரண்டு தளங்களும், அனுமதி பெற்ற தனியார் தளங்களும் உண்டு. உங்கள் சாப்ட்வேர் எத்தனை தளத்தோடு பேசும் என்று விற்பவரிடம் இன்றே கேளுங்கள்.

ஆணியில் தொங்கிய பென் டிரைவ்

இரண்டாவது சர்வர் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கார்பன் பேப்பரில் நீங்கள் தப்பாக எழுதினால் கீழேயும் தப்பாகவே விழும். கடைப் பையன் தெரியாமல் ஒரு வருடத்துப் பாக்கிப் பட்டியலை அழித்தால் இரண்டாவது சர்வரும் பணிவாக அதையே அழிக்கும். அதற்குத்தான் நேற்றைய நகல், போன வாரத்து நகல் என்று தனியே வைப்பது.

வைத்தால் மட்டும் போதுமா? கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு ஊழியர், துணை டேட்டாபேஸை அழிப்பதாக நினைத்துத் தலைமை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பதறி பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த ஐந்து விதமான பேக்கப்பில் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. தினமும் எடுக்க வேண்டிய ஒன்று பல நாளாக எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த நகலால் பிழைத்தார்கள். இவ்வளவையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டது பெரிய மனசு.

சிரிக்க வேண்டாம். என் கடையில் இரண்டு வருடம் தினமும் இரவு ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து, கல்லாவுக்கு மேல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். ஒரு நாள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போயிற்று. பெருமையாகப் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். சரி செய்ய வந்த தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல கணக்கு இல்ல. கணக்கைத் திறக்கிற படம் மட்டும்தான் இருக்கு" என்றார். திரையில் இருக்கும் அந்தச் சின்னப் படத்தைத்தான் இரண்டு வருடமாக நகல் எடுத்திருக்கிறோம்! பாக்கிப் பட்டியலைத் திரும்ப எழுத வாடிக்கையாளர்களின் கையிலிருந்த சீட்டுகளையும் அவர்கள் நேர்மையையும் நம்ப வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் ஒழுங்காகவே சொன்னார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன்.

நகல் அதே அறையில் இருந்தாலும் பயனில்லை. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து 647 அரசுச் சேவைகள் நின்றன. அதில் அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஒரு சேமிப்பகத்துக்கு வெளியே நகலே கிடையாது. 858 டெராபைட் போயிற்று. கல்லாவுக்கு மேல் ஆணியில் தொங்குவது கல்லாவோடு சேர்ந்துதான் எரியும். வாரம் ஒருமுறையாவது ஒரு நகல் வீட்டுக்குப் போகட்டும்.

மின்தடை நாளே நல்ல நாள்

பங்குச் சந்தை சனிக்கிழமையில் ஒத்திகை பார்த்தது. நமக்கு மின்வாரியமே நாள் குறித்துக் கொடுக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை மின்தடை செய்யும் தேதி முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. அன்று கடையைத் தூங்கவிடாமல், மாற்று ஏற்பாட்டை ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். வாங்கும்போது சொன்ன நேரத்தில் பாதிகூட வராமல் இருக்கலாம். பேக்கப் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றுக் கடைசியாகப் போட்ட பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பகுதித் தோல் தொழிற்சாலைகளில் டிரம் சுற்றும்போது மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் தோல் என்னாகும் என்று தெரியுமாதலால், ஜெனரேட்டரை அவ்வப்போது சும்மாவாவது ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் டிரம்மில் இருப்பது கணக்கு.

இன்டர்நெட்டுக்கு இரண்டு லைன் வைத்திருப்பவர்கள் தெருவில் இறங்கி ஒரு தடவை மேலே பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனி வயரும் ஒரே கம்பத்தில் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு வந்தால், லாரி ஒன்று உரசினாலே இரண்டும் போகும். ஒன்று வயராகவும், மற்றொன்று வேறு கம்பெனியின் சிம் கார்டாகவும் இருப்பது நல்லது. யு.பி.ஐ.க்கும் அப்படியே. ஒரே வங்கியின் க்யூ.ஆர். அட்டை இரண்டு ஒட்டி வைப்பதால் பயனில்லை. வங்கி வேறாக இருக்க வேண்டும். மொத்த யு.பி.ஐ.யும் நின்றால் இருக்கவே இருக்கிறது ரொக்கமும், தெரிந்த முகத்துக்குப் பற்றும். சம்பள நாளில் கல்லாவில் சில்லறை கூடுதலாக இருக்கட்டும். பணம் வந்ததா வரவில்லையா என்று தெரியாத கேஸுக்குத் தனியாக ஒரு நோட்டு போட்டு, பெயர், தொகை, பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எழுதி வைத்துக்கொண்டு சரக்கைக் கொடுத்தனுப்பலாமா என்பது அவரவர் தைரியத்தைப் பொறுத்தது. நான் கொடுத்தனுப்புகிறேன். ஏமாந்தது குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாறு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே தீர்மானித்துவிடுங்கள். பத்து நிமிடம் பில் நகரவில்லை என்றால் கல்லாவில் இருப்பவர், அது தம்பியானாலும் வேலையாளானாலும், முதலாளியைக் கேட்காமல் புத்தகத்தை எடுக்கலாம் என்று உத்தரவு இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் பங்குச் சந்தை கதைதான்.

கடைசியாக, திரும்பி வருவது. பழுதான கம்ப்யூட்டர் மதியம் மூன்று மணிக்குச் சரியாகி வந்துவிட்டதென்று உடனே அதில் பில் போட உட்காராதீர்கள். காலையிலிருந்து கைப்புத்தகத்திலும் குடோனிலும் நடந்த வியாபாரம் அதற்குத் தெரியாது. அன்றைக்கு முழுவதும் மாற்று ஏற்பாட்டிலேயே ஓட்டிவிட்டு, இரவு ஷட்டர் இறக்கிய பிறகு, 'பு' வரிசை பில்களை ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்றி, எண்ணெய் டின்னைக் கையால் எண்ணி, இருப்பு ஒத்துப்போன பிறகு காலையில் பழைய கம்ப்யூட்டரில் முதல் பில்லைப் போடுங்கள்.